சும்மா இருக்கும் இணைப்பு

செத்துப்போனவர்களுக்கும் நாங்கள் லைன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை முதலில் கண்டுபிடித்தது முபாரக்தான்.

“பியூலாக்கா, இந்த நூத்திப்பதினேழாம் லைன்காரர் போன ஆவணியிலயே தவறிட்டாராம். அவரோட சிப் மட்டும் இன்னும் ‘இருக்கேன், இருக்கேன்’னு பதில் சொல்லிட்டிருக்கு” என்றான்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிக்கு வெளியே, கங்கைகொண்டான் பக்கம் எங்கள் அலுவலகம். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, ‘லைன் ஆபீஸ்’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மறதிக் காய்ச்சல் வந்து போனவர்களுக்குப் பழசெல்லாம் ஞாபகமிருக்கும், புதிதாக எதுவும் தங்காது. ஐந்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்ட இட்லியை மறந்துவிட்டு இன்னொரு தட்டு கேட்பார்கள். அவர்களுடைய காதுக்குப் பின்னால் ஒரு சிப் வைத்து, புது நினைவுகளை எங்கள் சர்வரில் உருவாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இதை வீட்டாருக்குப் புரியவைக்கிற வேலையும் என்னுடையதுதான். பதினாலு மாதத்துக்கு முன்னால் வன்னியபெருமாள் என்று ஒரு அரசு பஸ் டிரைவர், மனைவி பிரமுவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள் சங்கரியும் வந்திருந்தாள். பிரமு ஜன்னலோரம் உட்கார்ந்து, “இது எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“எங்ககிட்ட ரெண்டு சர்வர் இருக்கு” என்றேன் அவரிடம். “ஒண்ணு வாசல்ல நிக்கிறது. சிப் அனுப்புறதை வாங்கி உள்ள குடுக்கும். இன்னொண்ணு உள்ள இருக்கிறது. அதுதான் நினைவா மாத்தும். சாதாரணமா கம்ப்யூட்டர்ல ஒரு கேள்வி கேட்டா, பதில் வந்ததும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பை மூடிருவாங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. இங்க அப்படி முடியாது. ஒருத்தருக்கு ஒரு இணைப்பு. அது மூடாம நிக்கணும், வருசக்கணக்கா.”

அவர் வண்டிச் சாவியைத் திருப்புகிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டினார். “செல்ஃப் எடுக்காத வண்டிய டீக்கடையில அணைக்காம நிறுத்திட்டுப் போவோம்லா, அது மாதிரியா?”

அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் சொல்லுகிற விளக்கம் அதுதான். அவருடைய அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

“அணைஞ்சு போச்சுன்னா?”

“திரும்ப ஸ்டார்ட் ஆகும். ஆனா புது லைனா வரும். பழைய லைன்ல இருந்ததெல்லாம் போயிரும். சேமிச்சு வச்சுக் குடுத்தாலும் மூளை ஒத்துக்காது, வேற யாரோடதோன்னு தள்ளி விட்டுரும். எல்லாம் செஞ்சு பாத்தாச்சு.”

சங்கரி அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “மேடம், அப்ப நாளையில இருந்து அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா? இந்த இருபது நாள்ல ஒரே சினிமாவுக்கு மூணு தடவ பெர்மிஷன் வாங்கிட்டேன். அதோட நின்னு போச்சா?”

அவள் அப்பா அவளை முறைத்துவிட்டு, தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்தை எனக்கு ஞாபகம் இருந்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

உள்ளே இருக்கும் சர்வரால் ஒரே நேரத்தில் அறுநூற்று நாற்பது லைன்களைத்தான் தாங்க முடியும். அத்தனையும் நிரம்பிவிட்டன. வெளியே இருநூற்றுப் பதினாலு பேர் சிப்பை வைத்துக்கொண்டு லைனுக்குக் காத்திருந்தார்கள். கோவில்பட்டியில் ஒரு பெண், குழந்தை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தவள், பக்கத்தில் கிடக்கும் குழந்தையைக் காட்டி, “யாரு பிள்ள இது, ஏன் அழுது?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள் என்று அவளுடைய அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனார். இந்தப் பக்கம் செத்துப்போனவர்கள் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிப்போடு புதைத்துவிடுகிறார்கள். அதன் பேட்டரி இரண்டு வருடம் ஓடும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வாசல் சர்வர் “இருக்கியா?” என்று கேட்கும், மண்ணுக்குள்ளிருந்து “இருக்கேன்” என்று பதில் வரும்.

நான் இந்த வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் பஸ் டிக்கெட் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் இருந்தேன். அங்கே சும்மா இருக்கும் இணைப்பைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தூங்கிவிடுவார், அவருக்காகத் திறந்த இணைப்பு காத்துக்கொண்டிருக்கும், நிஜமாக டிக்கெட் எடுக்க வந்தவர் வெளியே நிற்பார். அறுபது வினாடி சும்மா இருந்தால் மூடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இங்கேயும் கொண்டுவந்தேன்.

சிப்பின் பதிலை நம்ப முடியாது. ஆனால் புது நினைவு உருவாகிறதா இல்லையா என்று பார்க்கலாமே? மூன்று மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குக்கூட ஏதோ சத்தம், ஏதோ ஒரு கை என்று கொஞ்சமாவது பதிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்த ஒருவர்கூட முப்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் வெறுமையாக இருக்கவில்லை. நான் தாராளமாக எழுபத்திரண்டு மணி நேரம் வைத்தேன். எழுபத்திரண்டு மணி நேரம் ஒரு புது நினைவும் இல்லையென்றால் லைனை மூடு, காத்திருப்பவருக்குக் கொடு.

முபாரக் மட்டும் ஒரு தடவை இழுத்தான். “அக்கா, யாராவது உயிரோட இருந்தும், மூணு நாள் எதையுமே மனசுல வாங்காம இருந்தா?”

“அப்படி ஒரு மனுசன் இருக்க முடியுமாடா?” என்றேன்.

மூடுவதற்கு முன் அந்தந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான், ஒரே ஒரு போன். எனக்கு அது தோன்றவே இல்லை. இணைப்பை மூடுமுன் யாரையாவது கேட்பது எங்கள் தொழிலில் இல்லாத பழக்கம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் எழுதிய அந்த விதி சர்வரில் முதல் தடவையாக ஓடியது. முப்பத்தொரு லைன்கள் மூடின. காத்திருந்தவர்களில் முதல் முப்பது பேருக்கு லைன் போனது, கோவில்பட்டிப் பெண்ணுக்கும் சேர்த்து. முபாரக் கை தட்டினான். நானும் தட்டினேன். தட்டிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மீதியிருந்த ஒரு இடத்துக்குப் புது லைன் கேட்டு ஒரு சிப் வந்திருந்தது. மூடிய முப்பத்தொன்றில் ஒன்று அது.

புதிதாக ஏதாவது பதிய வந்தால்தான் சிப் புது லைன் கேட்கும். செத்தவர்கள் திரும்பி வந்து லைன் கேட்பதில்லை.

பெயரைப் பார்த்தேன். பிரமு, கணவர் வன்னியபெருமாள், மகாராஜநகர்.

விதியை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நிறுவனத்தின் நடைமுறைப்படி, லைன் அறுந்தால் நோயாளியிடம் நேரில் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாள் என் பையில் இருந்தது. அவளுக்குப் பதினாலு மாதம் போய்விட்டது என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். அதுவே வழியெல்லாம் என்னைத் தின்றது.

தெருமுனையில் வன்னியபெருமாள் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பத்து நாள் தாடி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காரை மறித்து, உள்ளே இருந்த பெண்களிடம் கும்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி என்னைக் கடந்து திரும்பிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்த முந்தானையைப் பார்த்தாலே தெரியும், துட்டி கேட்க வந்தவர்கள். சாவு வீட்டுக்குப் பதினாறு நாள் வரைக்கும் சொந்தமும் பந்தமும் துக்கம் விசாரிக்க வந்துகொண்டே இருக்கும். பெண்கள் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “லைன் ஆபீஸ் மேடம்தானே? உங்களுக்கும் சொல்லி விட்டாவளா?”

“என்ன ஆச்சு சார்?”

“சங்கரி போயிட்டா மேடம். இன்னையோட ஒம்பது நாளு. பைபாஸ்ல, லாரி.”

நான் வண்டியை விட்டு இறங்கினேன். அவரே பேசினார். பேசாமல் இருக்க முடியாத நிலைமையில் இருந்தார்.

“மொத ரெண்டு நாளு பிரமு மாரடிச்சு அழுதா. நாலு பேரு பிடிச்சும் நிறுத்த முடியல. அஞ்சாம் நாளு சுவத்துல சாஞ்சு உக்காந்தவதான். பேச்சு இல்ல, பார்வ இல்ல. தண்ணி குடுத்தா குடிப்பா. யாரு வந்து கட்டிப்பிடிச்சு அழுதாலும் கல்லு மாதிரி இருப்பா. இன்னைக்குக் காலைல பத்து மணி இருக்கும், சட்டுனு நிமிந்து பாக்கா. ‘என்ன இவ்வளவு பேரு வந்திருக்கிய, எனக்குக் காய்ச்சல்னா வந்திய?’ன்னு சிரிச்சா மேடம். சிரிச்சா! எனக்கு என்ன செய்யன்னு தெரியல. ஆமான்னுட்டேன். காய்ச்சல் சரியாப் போச்சு, லைன் போட்டாச்சுன்னு சொன்னேன். எல்லாரையும் கண்ணக் காட்டி அனுப்பிட்டேன். மாலை போட்ட படத்தத் தூக்கி அடுத்த வீட்டுல வச்சிட்டேன். சங்கரி எங்கன்னு கேட்டா. காலேஜ்ல ஊட்டிக்கு டூர் போயிருக்கான்னேன்.”

எழுபத்திரண்டு மணி நேரம். சுவரில் சாய்ந்து ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தவளிடம் புதிதாக எதுவும் உருவாகவில்லை. செத்தவளும், பிள்ளையைச் சாகக் கொடுத்தவளும் என் கணக்கில் ஒன்றாக விழுந்துவிட்டார்கள்.

“சார், லைனை மூடினது நான்தான்” என்றேன். எப்படி, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நல்ல காரியம் பண்ணுனிய” என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “சாமியே உங்க கையில வந்து செஞ்சிருக்கு. அவளுக்கு இது தெரியவே வேண்டாம் மேடம். பதினாறாம் நாளு காரியத்த எங்கயாவது கோயில் மண்டபத்துல வச்சு முடிச்சிருதேன். பிறகு பெங்களூருல வேல கிடைச்சிட்டுன்னு சொல்லுதேன். ஏதாவது சொல்லுதேன். ஒரு ஆளு சுமந்தாப் போதும்லா? ரெண்டு பேரும் எதுக்குச் சுமக்கணும்?”

“எத்தனை நாளைக்கு சார்?”

“நான் இருக்க வரைக்கும்.”

பையிலிருந்த தாளை நான் எடுக்கவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் தப்பு ஒரு புண்ணியமாக மாறித் தப்பித்துவிடலாம் என்கிற ஆசையும் அதில் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்குள் மூன்றாவது வீட்டு வாசலில் பிரமு வந்து நின்றாள். “ஏங்க, யாரு அது? வெயில்ல நிக்க வச்சுப் பேசிக்கிட்டு இருக்கிய? உள்ள கூட்டியாங்க.” தொண்டை கட்டிய குரல், பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது.

“லைன் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காவ. சும்மா பாத்துட்டுப் போக” என்றார் அவர். கண்ணை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வீட்டில் சாமான்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. ஆள் உட்கார இடம் பண்ணிய வீடு. பிரமு என்னை நேராக அடுக்களைக்குக் கூட்டிப் போனாள். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்தாள்.

“தங்கச்சி, உங்கள எனக்குத் தெரியாது. ஆனா பொம்பள நீங்கதான் வந்திருக்கிய” என்றாள். சேலையை விலக்கி, ரவிக்கையின் மேல் இரண்டு கொக்கிகளை அவிழ்த்தாள். நெஞ்சுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், ஓரமெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது.

“முகம் கழுவப் போனப்ப பாத்தேன். எங்கம்மா செத்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. இது மாரடிச்ச தடம். யாருக்காக அடிச்சேன்?”

நான் அடுப்பைப் பார்த்தேன்.

“அவரு இருக்காரு. எங்கப்பா போயி பத்து வருசமாச்சு. மாமியாருக்கு நான் இப்படி அடிக்க மாட்டேன்.” அதைச் சொல்லும்போது அவள் உதட்டில் ஒரு சின்ன நெளிவுகூட வந்தது. அடுத்த வினாடி அது போய்விட்டது. “சங்கரிக்கா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடி போய்விட்டது.

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதை அணைக்கவில்லை. வன்னியபெருமாள்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அணைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எத்தன நாளாச்சு?” என்றாள் பிரமு.

“ஒம்பது.”

“எப்படி?”

“லாரி. உடனே போயிட்டா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு மதுர டெப்போவுல வச்சுத்தான் சொன்னாவ. நான் வாறதுக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்துட்டாவ.”

“நான் அழுதேனா?”

“அழுத பிரமு. தெருவே கேட்டுச்சு.”

“நல்லா அழுதேனா? எம் பிள்ளைக்கு நான் அழுதேன்லா?”

அவர் பதில் சொல்லுமுன் அவள் அழ ஆரம்பித்தாள். மற்ற எல்லாருக்கும் அது ஒன்பது நாள் பழைய சாவு. அவளுக்கு அப்போதுதான் நடந்தது. அடிக்கக் கை ஓங்கி நெஞ்சில் வைத்தவள், வலி தாங்காமல் தரையில் அடித்தாள். பிடித்துக்கொள்ள நான்கு பேர் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்தவர் வீட்டில் வாய்விட்டு அழுதேன். என்னை யாரும் மன்னிக்க வேண்டும் என்று அழவில்லை. அந்தப் பெண் மூன்று தடவை பெர்மிஷன் வாங்கிய முகம் அப்படியே கண்முன் நின்றது.

வெகுநேரம் கழித்துப் பிரமு எழுந்து உட்கார்ந்தாள். “காய்ச்சலுக்குப் பிறவு அவ எங்கூட எத்தன நாளு இருந்தா?”

“பதினாலு மாசம்” என்றேன்.

“அது எங்க இப்ப?”

அவளுக்கு விளக்கினேன். லைன் மூடியதோடு அதுவும் போய்விட்டது என்று. வன்னியபெருமாள் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். மனைவிக்கு மகளின் சாவு மறந்துவிட்டது என்று மட்டும்தான் அவர் இதுவரை சந்தோஷப்பட்டிருந்தார். மகளோடு வாழ்ந்த கடைசிப் பதினாலு மாதமும் அதே லைனில்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட எழுதி வச்சிருப்பியள்லா? படிச்சுச் சொல்லுங்க” என்றாள் பிரமு.

“படிக்க முடியாதுக்கா. எங்களுக்கு அது வெறும் நம்பர்தான். மூடின உடனே அந்த இடமும் வேற ஆளுக்குப் போயிருச்சு.”

“யாருக்கு?”

சொல்லக்கூடாது. சொன்னேன். “கோவில்பட்டியில ஒரு பொண்ணு. பிள்ளை பெத்தவ.”

“பிள்ளைய அடையாளம் தெரியுதா அவளுக்கு?”

“இன்னைக்குக் காலைல இருந்து தெரியுது.”

“ம்” என்றாள்.  கணவர் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு வீட்ட விட்டுப் போறப்ப எங்கிட்ட கடைசியா என்ன சொன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். அன்று காலை அந்த வீட்டில் இருந்தது அம்மாவும் மகளும் மட்டும். ஒருத்தி செத்துவிட்டாள். இன்னொருத்திக்குத் தெரிந்ததை நான் அழித்துவிட்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

“புளியோதரை கட்டிக் குடுத்த” என்றார் அவர் மெதுவாக. “அவ மூடியத் திறந்து ரெண்டு வாயி அள்ளித் தின்னுட்டு, ‘ம்மா, அருமையா இருக்கு, சாயங்காலத்துக்கும் வையி’ன்னா. நீ, ‘வந்து தின்னுடி’ன்ன. வாசல் வரைக்கும் போயி நின்ன. அவ திரும்பி, ‘போயிட்டு வாறேம்மா, உள்ள போ, வெயிலு’ன்னா.” அவர் குரல் எங்கேயும் தடுமாறவில்லை.

பிரமு ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டாள். உதடு அசைந்தது. பிறகு என்னைக் கேட்டாள், “நெசமா தங்கச்சி?”

“ஆமாக்கா” என்றேன். “எங்க பதிவுலயும் அப்படித்தான் இருக்கு.”

வன்னியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கிளம்பும்போது அவர் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரமு மட்டும் வாசல் வரை வந்தாள். ஸ்கூட்டர் சாவியை நான் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டிய தொண்டையோடு சொன்னாள்.

“படிக்க முடியாதுன்னு நீங்கதான் சொன்னிய. அவரும் அன்னைக்கு மதுரையிலதான் இருந்திருக்காரு.”

நான் நிமிரவில்லை. சாவி கையில்தான் இருந்தது.

“அவருகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய” என்றாள். “அவ கடைசி நாளுன்னு இனிமே எனக்கு இருக்கது அது ஒண்ணுதான். இந்த லைனையாவது அறுக்காம பாத்துக்கிடுங்க.”